இயற்கைக் கல்வியும் நம் இளஞ்சிறாரும்: ஒரு வரலாற்றுப் பார்வை

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலருக்குக் கல்வி வரலாறு பற்றி ஒரு கட்டுரை எழுதித் தருமாறு சங்கத்தார் பணித்தனர்.  எழுத அமர்ந்தபொழுது, சில ஆண்டுகளுக்கு முன்னர் இத்தலாரில் ஓர் அன்னை என்னிடம் கேட்ட வினா ஒன்றே திரும்பத் திரும்ப நினைவில் எழுந்தது.

ஒரு நாள் பிற்பகல் ஆறாம் வகுப்பு மாணவரை அழைத்துக்கொண்டு பள்ளிக்குக் கீழேயுள்ள ஓடைக்கரைக்குச் சென்றிருந்தேன். ஒவ்வொருவர் கையிலும் ஒரு குறிப்பேடும் பென்சிலும் இருந்தன. கரையில் முளைத்திருந்த செடிகளை அவர்கள் எண்ணி எழுதிக்கொண்டிருந்தபொழுது, கொழுந்து பறித்துவிட்டு முதுகில் கூடையோடு அவ்வழியே வந்த தாயொருவர் தம் மகனைக் கண்டு நின்றுவிட்டார். "சார், வெயிலிலும் மழையிலும் காட்டுல கிடக்கிறது எங்க தலையெழுத்து. என் பிள்ளையாவது பெஞ்சில உட்கார்ந்து படிக்கட்டும்னுதானே அனுப்பினேன்? அவனையும் காட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டீங்களே!" என்றார்.

அவர் குரலில் சினத்தைவிட வருத்தமே மிகுந்திருந்தது. அன்று நான் ஏதோ சமாதானம் கூறி அனுப்பினேனேயன்றித் தக்க விடை கூறினேனல்லேன். அவ்வினாவிற்குப் பின்னால் நம் மக்களின் நூற்றாண்டு கடந்த பட்டறிவு நிற்கிறது. ஆதலின் அதற்கு விடை காண வரலாற்றினுள்தான் செல்லவேண்டும்.

வெளியே செல்லும் உரிமை

பிள்ளைகளைப் பள்ளிக்கு வெளியே அழைத்துச் சென்று மரம், குளம், பறவை ஆகியவற்றைக் காட்டிக் கற்பிப்பது எளிய செயலெனப் பலரும் எண்ணுவர். ஆனால் தெரு, கிணறு, குளம் ஆகியவை எல்லாருக்கும் பொதுவாக இருந்தாலன்றோ அது இயலும்? நம் முன்னோர்க்கு அவை பொதுவாக இருக்கவில்லை. இயற்கைக் கல்வியின் முதற்பாடம் நடப்பதற்கான உரிமை. அவ்வுரிமை நமக்குப் போராடிக் கிடைத்தது.

அப்போராட்டத்தின் தொடக்க அத்தியாயங்களுள் ஒன்று இந்நீலகிரியிலேயே எழுதப்பட்டது என்பதை நம் இளைஞர் பலர் அறியார். 1845இல் பிறந்த பண்டிதர் அயோத்திதாசர் தம் வாழ்வின் ஒரு பகுதியை இம்மலையில் கழித்தவர். 1891ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அவர் முயற்சியால் உதகையில் திராவிட மகாஜன சபையின் மாநாடு கூடியது. கல்விச் சலுகை, பொதுக் கிணறுகளிலும் குளங்களிலும் நீர் எடுக்கும் உரிமை ஆகியவை அம்மாநாட்டின் கோரிக்கைகளுள் அடங்கும். பள்ளியும் குளமும் ஒரே கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற்றதை நாம் கருத்திற்கொள்ள வேண்டும். பண்டிதர் சித்த மருத்துவரும் ஆவார். மூலிகைகளை இனம் கண்டு பயன் அறிந்த அவரே எழுத்தறிவிற்கும் வழிகாட்டியாய் நின்றார்.

அவர்தம் உறவினரான இரட்டைமலை சீனிவாசனும் 1890இல் சென்னைக்குத் திரும்புவதற்கு முன்னர் இம்மலையில் ஐரோப்பிய வணிக நிறுவனங்களில் கணக்கராகப் பணியாற்றியவரே. பிற்காலத்தில் சென்னைச் சட்டமன்ற உறுப்பினராக விளங்கிய அவர், 1924 ஆகஸ்டில் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றை எந்த வகுப்பினரும் பயன்படுத்துவதற்குத் தடையில்லை என்பதே அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. மூன்றாண்டுகள் கழித்து, 1927 மார்ச் 20 அன்று மராட்டிய நாட்டு மகாத் நகரில் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்து சென்று சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகினார்.

இன்று ஓர் ஆசிரியர் மாணவரைக் குளக்கரையில் அமர்த்தித் தவளையின் வளர்ச்சியைக் காட்டுகிறார் என்றால், அக்கரை வரை செல்லும் வழி இவ்வாறு அமைக்கப்பட்டதேயாகும்.

ஆல்காட் பள்ளிகள்

அரசும் அக்காலத்தில் முற்றிலும் வாளாவிருந்ததன்று. 1893ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் சென்னை அரசு வெளியிட்ட ஆணை, பஞ்சமர் எனப்பட்ட நம் மக்கள் வாழும் பகுதிகளில் பள்ளிகள் தோன்றவும் அவற்றிற்கு மிகுதியான உதவித்தொகை கிடைக்கவும் வழிசெய்தது. அதனைப் பஞ்சமர் கல்வியின் மகாசாசனம் எனக் குறிப்பிடுவர்.

மறு ஆண்டு, 1894இல், பிரம்மஞான சபையை நிறுவியவர்களுள் ஒருவராகிய அமெரிக்கர் கர்னல் ஆல்காட் சென்னை அடையாற்றை அடுத்த ஊரூரில் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் அத்தகைய பள்ளிகள் ஐந்தாயின. அவற்றுள் ஒன்று திருவள்ளுவர் பெயர் தாங்கியது. சாரா பால்மர், கோர்ட்ரைட் என்னும் அமெரிக்க மாதர் இருவர் அப்பள்ளிகளை மேற்பார்த்து, கிண்டர்கார்டன் முறையைப் புகுத்தினர்.

கிண்டர்கார்டன் என்பதற்குக் குழந்தைகளின் தோட்டம் என்பது பொருள். சுவிட்சர்லாந்து நாட்டுப் பெஸ்டலாசி (1746-1827) சொல்லைக் கற்பிக்குமுன் பொருளைக் காட்டு என்றார். அவர் வழிவந்த செர்மானியர் ஃபுரோபெல் 1837இல் தொடங்கிய கூடத்திற்கு 1840இல் அப்பெயரைச் சூட்டினார். அங்குக் குழந்தைகள் தமக்கென ஒதுக்கப்பட்ட பாத்தியில் விதையிட்டு, அது வளரும் விதத்தை நாளும் நோக்கிக் கற்றனர்.

ஐரோப்பாவின் செல்வர் வீட்டுக் குழந்தைகளுக்கும் ஏற்றதெனப் போற்றப்பட்ட இம்முறை, நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னரே சென்னைக் கடற்கரையோரச் சேரிப் பிள்ளைகளுக்குக் கிட்டியது. தமிழகத்துப் பெரும்பான்மைப் பள்ளிகள் திண்ணையில் மனப்பாடம் செய்வித்த காலம் அது. கண்ணால் கண்டு, கையால் செய்து, கருத்தால் உணரும் கல்விக்கு நாம் புதியவரல்லேம் என்று நெஞ்சுயர்த்திக் கூறலாம். எனினும் அப்பள்ளிகள் தொடக்கநிலைப் பள்ளிகளாகவே இருந்தன என்பதையும் மறத்தற்கில்லை. நல்ல தொடக்கம் உயர்கல்வி வரை தொடர்ந்தாலன்றி முழுப்பயன் தராது.

1953: ஒரு கசப்பான பாடம்

நிற்க. அன்னையின் வினாவிற்கு இனித் திரும்புவோம். பிள்ளையை வெளியே அழைத்துச் சென்றால் பெற்றோர் ஏன் அஞ்சவேண்டும்? அவ்வச்சத்திற்கு வரலாற்றில் காரணம் உண்டு.

1937இல் வார்தாவில் காந்தியடிகள் தலைமையில் கூடிய கல்வி மாநாடு கைத்தொழிலை நடுவாகக் கொண்ட ஆதாரக் கல்வியை முன்வைத்தது. கையும் மூளையும் ஒருங்கே வளரவேண்டும் என்னும் கருத்தில் குறை காண்பதற்கில்லை. ஆயின் 1953இல் முதலமைச்சர் இராஜாஜி சென்னை மாநிலத்தில் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் வேறு வகையானது. அதன்படி ஊர்ப்புறப் பிள்ளைகளின் பள்ளி நேரம் நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைந்தது. எஞ்சிய நேரத்தில் பிள்ளை வீட்டிலிருந்து பெற்றோரின் தொழிலைப் பழகவேண்டும் என்று கூறப்பட்டது.

தொழிலும் பிறப்பும் பிணைந்து கிடக்கும் நாட்டில் இதன் பொருள் யாது? கணக்கர் மகன் கணக்கும் கூலியாள் மகன் கூலியும் பழகவேண்டும் என்பதேயாகும். குலக்கல்வித் திட்டம் என மக்கள் அதற்குப் பெயரிட்டனர். தந்தை பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் கிளர்ந்தெழுந்தனர். காங்கிரசுக்குள்ளேயும் எதிர்ப்பு மூண்டது. 1954 ஏப்ரலில் முதலமைச்சரான காமராசர், மறுமாதமே அத்திட்டத்தைக் கைவிடச் செய்தார்.

அன்று திட்டம் மறைந்தது, அச்சம் மறையவில்லை. வெயிலில் நின்று செடியைத் தொடும் தம் மகனைக் கண்ட அத்தாய், ஏதும் படியாதவராயினும், அந்த 1953ஐத்தான் எனக்கு நினைவூட்டினார். இதனை உணர எனக்குச் சில காலம் பிடித்தது.

என் இளமையிலும் இதன் சாயலைக் கண்டேன். நான் பயின்ற ஒரு பள்ளியில் தோட்ட வேலை எனும் பாடவேளை உண்டு. அவ்வேளையில் எங்கள் குடியிருப்பிலிருந்து வந்த பிள்ளைகள் குடத்தில் நீர் சுமப்போம், குப்பை கூட்டுவோம். பிறர் நிழலில் அமர்ந்து இலையின் படம் வரைவர். ஒரே தோட்டம், ஒரே மணிநேரம். ஆயின் அவர்களுக்கு அது தாவரவியல், எங்களுக்கு அது வேலை. இப்பாகுபாடு நீங்காத இடத்தில் இயற்கைக் கல்வி என்பது பழைய கூடைக்குப் புதுப் பெயராகவே முடியும்.

மலையை உருவாக்கிய கைகள்

நீலகிரியின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். 1819இல் கோவை ஆட்சியர் சல்லிவன் இம்மலைக்கு வந்ததிலிருந்து நூல்கள் தொடங்கும். 1840களில் ஆஸ்திரேலிய நாட்டுக் கற்பூர மரம், 1848இல் உதகைத் தாவரவியல் பூங்கா, 1860களில் சின்கோனாத் தோட்டங்கள், பின் தேயிலை என அவை வரிசைப்படுத்தும். இவற்றைக் கொணர்ந்த துரைமாரின் பெயர்கள் அனைத்தும் பதிவாகியுள்ளன. நாற்று நட்டவர், கல் சுமந்து சாலை இட்டவர், கொழுந்து கிள்ளியவர் ஆகியோர் பெயரில்லாக் கூட்டமாகவே நிற்கின்றனர். சமவெளியிலிருந்து வந்த அவர்களுள் நம்மவர் மிகப் பலர். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பின் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பியோர்க்கென 1968 முதல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் இங்கு அமைந்தன. அவ்வாறு வந்தோருள்ளும் நம் உறவினர் உண்டு.

அரிதாகச் சில பெயர்கள் தப்பிப் பிழைத்துள்ளன. கம்பெனி மருத்துவராயிருந்த இராபர்ட் வைட் என்பார் நீலகிரித் தாவரங்களைப் பற்றி வண்ணப் படங்களுடன் ஒரு நூலை 1846 முதல் வெளியிட்டார். வைட்டின் நூல்களுக்குச் செடிகளை நோக்கி வரைந்தவர் ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர் இருவர். அவர்கள் வரைந்த ஓவியங்களை இன்றும் அறிஞர் ஆய்கின்றனர். இதனை வகுப்பில் கூறினால், இலையை நோக்கி வரைவது விளையாட்டன்று, அறிவியலே என்பது பிள்ளைகளுக்கு விளங்கும்.

சட்டம் தந்த வாய்ப்பு

அண்மைக் கால வரலாறு நமக்கு நம்பிக்கை தருவது. 1986 செப்டம்பர் 1ஆம் நாள் இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக நீலகிரி அறிவிக்கப்பட்டது. 1991 நவம்பர் 22 அன்று எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கப் பணித்தது. 2003 டிசம்பரில் அதனை மீண்டும் வலியுறுத்தியது. 2001இல் நடுவண் அரசு தொடங்கிய தேசியப் பசுமைப் படை, பள்ளிகளில் மாணவர் மன்றங்களை உருவாக்கிற்று. அதாவது ஏறத்தாழ நம் சங்கத்தின் வயதே அதற்கும்.

இவற்றினும் நமக்கு நெருக்கமானது 2002ஆம் ஆண்டின் உயிரியற் பன்மைச் சட்டம். அச்சட்டத்தின் வழி உள்ளாட்சிதோறும் ஒரு குழு அமைந்து, அவ்வூரின் செடி, கொடி, விலங்கு, பயிர்வகை ஆகியவற்றையும் அவை பற்றிய மக்களின் அறிவையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதிவைக்கவேண்டும். ஓராயிரம் முறை குனிந்து களையெடுத்த தாய், எது கீரை, எது நஞ்சு, எது புண்ணுக்குப் பற்று என்று அறிவார். அவ்வறிவு ஏட்டில் ஏறுவதற்குச் சட்டமே இடம் வைத்திருக்கிறது.

இத்தலாரில் கற்றது

நாங்கள் செய்வது பெருஞ்செலவு கோரும் பணியன்று. ஒரு மீட்டர் பக்கமுள்ள சதுரமாகக் கயிற்றைக் கட்டி, அதனுள் எத்தனை வகைச் செடிகள் உள்ளன என்று பிள்ளைகள் எண்ணுவர். முதலில் புல்வெளியிலும், அடுத்துச் சீகை மரத்தடியிலும், பின்னர்த் தேயிலை வரிசைக்கிடையிலும் கயிற்றை இடுவர். புல்வெளியில் பெயர் தெரியாத பலவற்றைக் கண்டு திகைப்பர். சீகையின் அடியில் விரல்விட்டு எண்ணிவிடுவர். வெளிநாட்டு மரம் பரவினால் உள்நாட்டுச் செடி குறையும் என்னும் பாடத்தை நான் சொல்லவேண்டிய தேவையே நேர்வதில்லை.

மற்றொன்று மண் ஆய்வு. அடியில் துளையிட்ட மூன்று தகர டப்பாக்களில் பாதை மண், தோட்ட மண், இலைச்சருகு மக்கிய மரத்தடி மண் ஆகியவற்றை நிரப்பி, ஒரே அளவு நீரை ஊற்றுவோம். எதிலிருந்து கலங்கல் நீர் விரைந்து ஓடுகிறது, எது நீரைப் பிடித்து வைத்துத் தெளிவாகச் சொட்டுகிறது என்று குறிப்பர். 2019 ஆகஸ்டில் நமக்கு அருகிலுள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீட்டருக்கும் மேல் மழை கொட்டியதையும், மாவட்டத்தில் பல இடங்களில் மண் சரிந்ததையும் பிள்ளைகள் வீட்டில் கேட்டறிந்து வருவர். சோலையும் புல்வெளியும் பஞ்சுபோல் நீரைத் தேக்கி வைப்பதால்தான் குந்தா ஆறும் பவானியும் கோடையிலும் வற்றாதிருக்கின்றன. அந்நீரே ஈரோட்டு வயல்களுக்கும் செல்கிறது என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டுவோம்.

பொங்கல் விடுமுறையில், தமிழகமெங்கும் 2015 முதல் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பையொட்டி, வீட்டு வாயிலில் கால்மணி நேரம் நின்று கண்ட பறவைகளைப் பிள்ளைகள் எழுதிவருவர். குறிஞ்சியைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கொரு முறை பூக்கும் அது, இம்மலைத் தொடரின் பல சரிவுகளில் 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பூத்தது. அடுத்து எப்பொழுது, அப்பொழுது எனக்கு வயது எத்தனை என்று ஒவ்வொரு பிள்ளையும் கணக்கிடும். 2030 என விடை வந்ததும், அதுவரை அச்சரிவு எரியாமலும் வெட்டப்படாமலும் இருக்குமா என்ற கேள்வியைப் பிள்ளைகளே எழுப்புவர்.

காப்புக் காட்டினுள் நாங்கள் நுழைவதில்லை. காட்டுமாடும் சிறுத்தையும் உலவும் மலை இது. பள்ளியைச் சுற்றிய நிலமே எங்களுக்குப் போதிய நூலகம். இவற்றிற்கெல்லாம் மேலாக ஒரு விதியை வைத்துள்ளேன். நீர் ஊற்றுவது, கூட்டுவது, குறிப்பெழுதுவது, படம் வரைவது ஆகிய நான்கும் பெயர்ப்பட்டியல் வரிசைப்படி சுற்றிவரும். எந்தப் பிள்ளையும் நீரோடு நின்றுவிடாது. எந்தப் பிள்ளையும் நிழலோடு தங்கிவிடாது.

அன்னைக்கு விடை

இப்பொழுது அத்தாய்க்கு நான் கூறக்கூடிய விடை இதுதான்: "அம்மா, கூடையோடு செடியிடம் போகிறவருக்குக் கூலி எவ்வளவு என்பதைப் பிறர் முடிவு செய்வர். குறிப்பேட்டோடு போகிறவர் 'ஏன்' என்று கேட்பார். உங்கள் மகனை உங்கள் வேலைக்குப் பழக்க நான் அழைத்து வரவில்லை. அவன் பெஞ்சும் அவனுக்கு உண்டு. இந்த மலையும் அவனுக்கு உண்டு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள் என்று யாரும் அவனிடம் சொல்லும் காலம் முடிந்துவிட்டது."

ஆயினும் விடையின் மறுபாதியை அவரே எனக்குத் தந்தார். பிறிதொரு நாள் அவர் மகன் தன் குறிப்பேட்டில் பெயர் எழுதாது விட்ட இடங்களை வீட்டில் காட்டியிருக்கிறான். மறுநாள் அவ்விடங்களில் வல்லாரை, மணத்தக்காளி, தவிட்டுப்பழம் எனப் பெயர்கள் நிரம்பியிருந்தன. எதனை எப்பருவத்தில் பறிக்கலாம் என்ற குறிப்பும் இருந்தது. 'யார் சொன்னது?' என்று கேட்டதற்கு, 'எங்கம்மா' என்று அவன் வகுப்பறையில் எழுந்து நின்று உரக்கக் கூறினான். அச்சொல்லை அவன் கூறிய மிடுக்கை நான் மறவேன்.

ஆதலின் வெள்ளி விழாவை அடுத்து வரும் ஆண்டுகளில் நம் சங்கம் இரு பணிகளை மேற்கொள்ள வேண்டுமெனப் பணிவுடன் வேண்டுகிறேன். ஒன்று, நம் மாலை நேரப் பயிற்சி மையங்களில் திங்களுக்கு ஒரு நாளேனும் பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்லுதல். மற்றொன்று, நம் தாய்மாரும் முதியோரும் அறிந்த செடி கொடிகளின் பெயர்களைப் பிள்ளைகளைக் கொண்டே எழுதுவித்து, ஊராட்சியின் பல்லுயிர்ப் பதிவேட்டில் சேர்ப்பித்தல். இம்மலையின் பழைய ஏடுகளில் நம் மக்களின் பெயர் விடுபட்டது. புதிய ஏட்டை எழுதும் பென்சில் இன்று நம் பிள்ளைகளின் கையில் இருக்கிறது.

வளர்க நம் சங்கம்! வாழ்க நம் இளஞ்சிறார்!